நல்ல காலின் அளவு

கால்பந்து ஆடுகிறவர்களிடம் ஏன் அடிபட்டது என்று கேட்டுப் பாருங்கள். எதிரணியைக் கைகாட்டுவார்கள், மைதானத்தைக் காட்டுவார்கள், நடுவரின் கண்ணைக்கூடக் குறை சொல்வார்கள். உடம்பைச் சூடேற்றாமல் ஓடியதைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கிளப்புக்கு பிசியோவாக இருந்து என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். காயம் ஆறுவதற்குள் களத்தில் இறங்காதே என்று நான் சொல்வது ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே போய்விடும். பயிற்சியாளரோ பத்து நாளில் நான்கு ஆட்டம் வைத்துவிட்டு, "பசங்க ஏன்க்கா இப்படித் துவண்டு போறாங்க?" என்று என்னிடமே கேட்பார்.

அந்த வியாழக்கிழமை மாலைக்குள் ஏழு பேரைப் பார்த்து முடித்திருந்தேன். பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருக்கிறது என் அறை. ஐஸ் பைகள் உருகித் தரையெல்லாம் ஈரம். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடைசியாக வந்தவன் என் தங்கை மகன். இருபது வயது. எட்டு மாதத்துக்கு முன் இடது முழங்காலில் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை ஆனது. சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்கப் பெரிய கிளப் ஒன்றிலிருந்து வருகிறார்கள். நான் கையெழுத்துப் போட்டால்தான் இவன் ஆட முடியும்.

தங்கை காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

"அக்கா, ஊர்ல இருக்கிறவன் பிள்ளைக்கெல்லாம் பாத்துப் பாத்துப் பண்றே. நம்ம பிள்ளைக்கு ஒரு கையெழுத்து போட மாட்டியா?"

"கால் தேறினா போடுறேன். தேறலைன்னா நீ என்ன அழுதாலும் போட மாட்டேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. எப்படியாவது அவன் தேறிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் நானும் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாவி, அதே காலில் தடுமாறாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு அடிபட்ட கால். நல்ல கால் தாண்டிய தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கை மற்ற கால் எட்டிவிட்டால் தேர்ச்சி.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பழைய கேப்டன் துண்டுக் கட்டோடு உள்ளே வந்தான். மூன்று வருடத்துக்கு முன் அவனுக்கும் இதே முழங்கால் காயம். என்னிடம்தான் சோதனையில் தேறினான். திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே அதே கால் மறுபடி போய்விட்டது. இப்போது கிளப்பின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறான்.

"நல்லாப் பாத்துக்கோ," என்றேன் தங்கை மகனிடம். "நான் சொன்ன பயிற்சிக்கு டிமிக்கி குடுத்தா இந்தச் சோம்பேறி மாதிரி துண்டு மடிக்க வேண்டியதுதான்."

புதிதாக வரும் ஒவ்வொரு பையனிடமும் இதைத்தான் சொல்வேன். கேப்டன் வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் போனான்.

தங்கை மகன் வலது காலில் தாவினான். ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு. அடிபட்ட இடது காலில் ஒரு மீட்டர் நாற்பத்தொன்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தேறிவிட்டான். அப்பாடா என்றிருந்தது. தங்கையிடம் நல்ல வார்த்தை சொல்லலாம், வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம்.

படிவத்தைச் சேர்த்து வைக்க அவனுடைய கோப்பைத் திறந்தேன். அடிபடுவதற்கு முன், சீசன் தொடக்கத்தில் எடுத்த அளவு தற்செயலாகக் கண்ணில் பட்டது. வலது கால், ஒரு மீட்டர் எண்பத்தாறு.

எட்டு மாதம் ஓடாமல் இருந்தால் நல்ல காலும் கொஞ்சம் இளைக்கும்தான். அதற்காக ஒன்றரைச் சாண் குறையாது.

"வலது கால்ல இன்னொரு தடவை தாவு."

"அதான் பாஸாயிட்டேனே பெரியம்மா?"

"தாவுடா."

தாவினான். ஒரு மீட்டர் ஐம்பது. ஏறக்குறைய அதே இடம். மூச்சு வாங்கவே இல்லை.

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. வேணும்னே குறைச்சுத் தாவுறியா?"

அவன் ஈரத் தரையைப் பார்த்தான். "எல்லாரும் பண்றதுதான் பெரியம்மா. நல்ல காலைக் குறைச்சுட்டா அடிபட்ட கால் தானா தேறிடும். டிரெஸ்ஸிங் ரூம்ல எல்லாருக்கும் தெரியும். கேப்டன் அண்ணன்கூட அப்படித்தான் பாஸானாராம்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தச் சனிக்கிழமை போனா எனக்கு வேற சான்ஸ் கிடையாது. போனா என் காலுதானே பெரியம்மா போகும்?"

"காலு உன்னுதுதான். கையெழுத்து என்னுது."

படிவத்தில் 'தகுதியில்லை' என்று எழுதினேன். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க," என்று கதவை அறைந்துவிட்டுப் போனான். அடுத்த ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது. எடுக்கத் தெம்பில்லை.

கேப்டனின் கோப்பைத் தேடி எடுத்தேன். காயத்துக்கு முன் நல்ல கால் ஒரு மீட்டர் தொண்ணூறு. நான் தேர்ச்சி என்று எழுதிய நாளில் ஒரு மீட்டர் நாற்பத்தெட்டு. இரண்டு தாளும் ஒரே கோப்பில், என் கைக்கு எட்டுகிற அலமாரியில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கின்றன. ஒரு நாளும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

சாமான் அறையில் அவன் சனிக்கிழமைக்கான ஜெர்ஸிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு நல்ல கால்ல குறைச்சுத் தாவினியா?"

"ஆமாக்கா." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பயிற்சியெல்லாம்?"

"ஒரு நாள் விடாமப் பண்ணேன்."

"அப்ப ரெண்டு வருஷமா ஊரு முன்னாடி உன்னைச் சோம்பேறின்னு திட்டுறேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா, அடுத்து வர்றவனை நீங்க பிடிச்சிடுவீங்களே."

"இன்னைக்கு ஒருத்தனைப் பிடிச்சிட்டேன்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னையும் பிடிச்சிருக்கலாமேக்கா," என்றான்.