சிவமலர் படுத்துச் சுட்ட கதை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கல்யாண வீடு. சோற்றுத் தட்டோடு நின்ற ஒருவர் சொன்னார்: "யோகலிங்கத்தின்ர தங்கச்சி துவக்குச் சுடப் பழகுறாளாம்." சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஏன்? அவள் பாட்மின்டன் பழகியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "விசையில் விரல் பட்டதும் சிவமலருக்கு, எரிந்த ஊரின்

இல்லை. நிறுத்திவிட்டேன். [அழிக்கவில்லை. நீங்கள் எதிர்பார்த்து வந்தது இதைத்தான் என்று எனக்குத் தெரியும்.]

இரண்டாவது: "இயக்கத்தில் இருந்தவள் என்பதை மறைத்து

இதுவும் இல்லை. அவள் எந்த இயக்கத்திலும் இருந்தவளல்ல. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு படக்கடையில் மற்றவர்களின் விடுமுறைப் படங்களைக் கழுவிக் கொடுக்கிறாள். ஆண்டு 1993. அவளுக்குச் சுடப் பிடித்திருக்கிறது. காரணம் அவ்வளவுதான். போதாது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

யோகலிங்கம் இறங்கவில்லை. சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த தங்கையின் முன்னால் வந்து நின்றான்.

"வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே பிளேன் ஏறி வந்தனீ? இப்ப காசு குடுத்துக் கேக்கப் போறியோ?"

"அங்க அவங்கள் சுட்டவங்கள். இங்க நான் சுடுறன். வித்தியாசம் தெரியேல்லையோ அண்ணை?"

"கட்டப் போறவன் கேட்டா என்ன சொல்லுறது?"

"குறி தப்பாதெண்டு சொல்லுங்கோ."

[இவ்வளவு கெட்டித்தனமாக நிஜத்தில் யாரும் பதில் சொல்வதில்லை என்று ஒரு நண்பன் சொன்னான். அவனுக்குத் தங்கச்சி இல்லை.]

3

பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பழைய கிடங்கின் அடியில் இருந்தது அந்தத் துப்பாக்கி சுடும் கழகம். போன கிழமை, முதல் நாள், அவள் சும்மா பார்க்கத்தான் போனாள். பக்கத்து மேடையில் யாரோ ஒருதரம் சுட்டார்கள். அடுத்த கணம் சிவமலர் தரையில் குப்புறக் கிடந்தாள். கைகள் காதில், வாய் ஆவென்று.*

* குண்டு விழும்போது வாயைத் திறந்து வைத்தால் காது கிழியாது என்று ஊரில் எல்லாருக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். உடம்பு அதை மறக்கவில்லை. மறக்கச் சொல்லி யாரும் அதனிடம் சொல்லவுமில்லை.

இன்று அவளே சுடவேண்டிய நாள். கழகம் புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கி பெட்டியில் இருந்தது. இன்னும் ஒருவரும் சுடாதது. எண்ணெய் மணம். கையில் எடுத்தாள், அந்தப் பாரம் அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே பொறுப்பாக இருந்தவர் டெரிக், ஓய்வுபெற்ற தபால்காரர். [டெரிக் பேசியது சுத்தக் கிழக்கு லண்டன் ஆங்கிலம். நான் அவரை யாழ்ப்பாணத் தமிழ் பேச வைக்கிறேன். எத்தனையோ கதைகளில் நாங்கள் அவர்களுடைய பாஷை பேசியிருக்கிறோம்.]

"பிள்ளை, வெறுங்கையோட விழுந்தா அது உம்மட பாடு. துவக்கோட விழுந்தா அது எங்க பாக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? இண்டைக்கும் விழுந்தீரெண்டா இனி இங்க வர ஏலாது. இதான் கடைசி."

சிவமலர் யோசித்தாள். பயப்படாதே என்று உடம்புக்குச் சொல்லலாம், உடம்பு கேட்காது. அப்படியானால்?

"விழுறதுதானே பிரச்சினை?"

"ஓம்."

"அப்ப முதலே படுத்திடுறன். படுத்திருக்கிறவள் எங்க விழுறது?"

பின்னால் ஒருவன் சிரித்தான். "பீச்சோ இது? துவாய் வேணுமோ?"

"கொண்டு வந்தா விரிச்சுக் குடு," என்றாள்.

டெரிக் தலையைச் சொறிந்தார். "கைத்துப்பாக்கியை ஒருத்தரும் படுத்துச் சுடுறேல்லை."

"சுடக்கூடாதெண்டு இருக்கோ?"

 டெரிக் விலகி, மேடைக்கு முன்னால் தரையில் படுக்க வழிவிட்டார்.

4

குளிர்ந்த சீமெந்தில் வயிறு படப் படுத்தாள். முழங்கைகளை ஊன்றினாள். வாயைத் திறந்தாள். விசையை இழுத்தாள்.

"வானமே பிளந்தது" என்று எழுதியிருந்தேன். பிளக்கவில்லை. சின்னத் துப்பாக்கி, சின்னச் சத்தம், சின்ன உதைப்பு. கைகள் காதுக்குப் போகத் துடித்தன. துப்பாக்கி அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. திரும்பச் சுட்டாள். திரும்பவும். துப்பாக்கியில் இருந்த ரவைகள் முடிந்ததும் டெரிக் தூரக்கண்ணாடியில் பார்த்தார்.

"மூண்டு பட்டிருக்கு. ஒண்டு பக்கத்துக்காரன்ர இலக்குத் தாளில."

"அவருக்கு என்ர அன்பளிப்பு."

அப்போது அவள் சிரித்த சிரிப்பை நான் இட்டுக்கட்டவில்லை. தானாக வந்தது.

"சரி," என்றார் டெரிக். "இது பழக்கத்துக்கு. நான் கணக்கெடுக்கிறது நிண்டு சுடுறதைத்தான். எழும்பும். ஒரேயொரு ரவை."

5

எழும்பி நிற்கிறாள். முடிவு எழுதவேண்டிய இடம்.

முடிவு அ: விழுகிறாள். டெரிக் துப்பாக்கியை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடுகிறார். நீங்கள், "பாவம், போர் அவளை விடவில்லை" என்பீர்கள்.

முடிவு ஆ: நிற்கிறாள். நடுவட்டத்தில் ஓட்டை. நீங்கள், "அப்பாடா, காயம் ஆறிவிட்டது" என்பீர்கள்.

இரண்டிலும் அவள் உங்களுக்காகத்தான் சுடுகிறாள். பார்க்கிங்கில் ஒரு கழகத்துக்குத் தொடர்ந்து வர ஆசைப்படுகிற ஒருத்தியாக அவளை நீங்கள் ஒருதரம்கூட விடவில்லை.

முடிவு இ: அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே

இல்லை. அதற்கு அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். எனக்கும் மனமில்லை.

காதுக்கவசத்தைத் திரும்பப் போட்டுவிட்டாள். இனி நான் சொல்வதும் கேட்காது, நீங்கள் கேட்பதும் கேட்காது. கை நீள்கிறது. வாய் திறக்கிறது. விசை பின்னுக்கு வருகிறது.

வெடித்ததும் யாராவது விழுந்தே ஆகவேண்டுமென்றால், நீங்கள் விழுங்கள்.