கழுகு என்றொரு வாத்தியார்

வலைத்தளம் உருவாக்க தையல்காரி ஒருத்தி காலையில் வகுப்பிலும் மாலையில் வீடியோக்களிலும் கற்று வந்தாள். தன் வலைப்பக்கத்தில் படம் ஏன் தெரியவில்லை என்று இணையக் குழுவில் கேட்டாள். தொழிலையும் வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தாள். ‘கழுகு’ என்ற புனைபெயரில் ஒருவர், "இதுகூடத் தெரியலையா? போய் ஊசியில நூலைக் கோருங்க" என்று எழுதி, குழுவையே சிரிக்க வைத்தார்.

மறுநாள் வகுப்பில் வாத்தியார் தன் கணினியைச் சுவர்த்திரையில் காட்டினார். அந்தக் குழுதான் திறந்திருந்தது. கணக்கின் பெயர் கழுகு. சட்டென மூடிவிட்டு, "சந்தேகம்னா கூச்சப்படாம கேளும்மா" என்றார்.

"நேத்தே கேட்டுட்டேன் சார்."



அன்று மாலை குழுவில் புதியவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டிருந்தார். கழுகு முந்திக்கொள்ளக் கூடாதே என்று கடவுளை வேண்டியபடி, அவள் அவசர அவசரமாகப் பதிலைத் தட்டினாள்.