வெட்டிக்கொண்ட கோடுகள்

குளச்சலில் பதினோராம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். பாடப்புத்தகத்து ஆப்பிளும் ஆரஞ்சும் எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு? மீனைக் குறைத்தால் மரச்சீனிக் கிழங்கு எவ்வளவு கூட்டினால் திருப்தி மாறாது என்று வீட்டில் கேட்டு, சமநோக்கு வளைகோடு வரைந்து வரச் சொல்லியிருந்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

ரேஷ்மி கரும்பலகையில் போட்ட இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டின.

"ஏட்டி, ஒரே ஆளுக்க கோடுக வெட்டாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ரெண்டு பேருக்க பதிலைக் கலந்துட்டியா?"

"இல்ல டீச்சர். ரெண்டும் அம்மை சொன்னதுதான். சாப்பிட இருக்கிற பலகை மாறி இருந்து சொன்னா."

அவள் அப்பா ஜஸ்டஸ் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால், அவர் உடுப்பைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிடலாம் என்று ஊரில் சொல்கிறார்கள். அம்மா சகாயராணி சம்மதிக்கவில்லை.

"நீங்க வந்து பேசுங்க டீச்சர். எனக்கு அம்மை திரும்பக் கிடைக்கணும்" என்று ரேஷ்மி அழுதாள். மனசு கேட்காமல் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். தரையில் எதிரெதிராக இரண்டு பலகை, இரண்டு தட்டு. ஒன்றில் சகாயராணி இருந்தாள். மீனைக் குறைத்தால் எவ்வளவு கிழங்கு வேண்டும் என்று கேட்டேன். ஒரு பிடி கிழங்குக்காகத் தட்டிலிருந்த மீனில் பாதியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தாள். பிறகு எழுந்துபோய் எதிர்ப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அதே கேள்வியைக் கேட்டேன்.

"மீன் தலைய விடணும்னா சட்டி நெறையக் கெழங்கு வேணும்."

குரல் அவளுடையதுதான். ரேஷ்மி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அப்பா இப்படித்தான் சொல்லும்" என்றாள்.

எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. சகாயராணியைக் கைப்பிடித்துப் பழைய பலகைக்கே கொண்டுவந்தேன். "மீனும் கிழங்கும் கிடக்கட்டும். ஒண்ணை விட்டாத்தான் ஒண்ணு கிடைக்கும்னா, போன மாப்பிள்ளை வேணுமா, இருக்கிற மகள் வேணுமா? சொல்லுங்க."

அவள் மகளையும் எதிர்ப்பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்."

ரேஷ்மியின் பிடி தளர்ந்தது.

சகாயராணி எழுந்து எதிர்ப்பலகைக்கு மாறினாள். அங்கே நான் எதுவும் கேட்கவில்லை. அவளே தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ரேஷ்மியைப் பார்த்தாள்.

"எனக்கு அப்படியில்ல. எனக்கு மக மட்டும் போதும். வா மக்கா."