பின்சீட்டுப் பரீட்சை

கல்யாணமான அன்றைக்கே டீச்சர் தன் மாப்பிள்ளையின் புதுச் சட்டையில் வாந்தி எடுத்துவிட்டார். பதிவு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. கார் இரண்டாவது தெருமுனையில் திரும்பியதும் "ஏங்க, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அந்த மாப்பிள்ளைக்கு வேலையே வண்டி ஓட்டிப் பார்ப்பதுதான். பெரிய வாகனத் தொழிற்சாலை ஒன்றில் சோதனை ஓட்டுநர். புதிதாக வரும் வண்டியைச் சேற்றிலும் கல்லிலும் மேட்டிலும் ஓட்டி, ஸ்டியரிங்குக்கு இத்தனை, பிரேக்குக்கு இத்தனை, சத்தத்துக்கு இத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். நான்கு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு அரை மணி நேரம் கற்குவியல் மேல் குலுங்கினாலும் அவருக்கு ஓர் ஏப்பம்கூட வராது. அதனால் தொழிற்சாலையில் அவர் பெயர் கல்வயிறு. மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். வெளியாட்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் அவரும் டீச்சர் என்றே கூப்பிடப் பழகிவிட்டார். டீச்சருக்குக் கார்க் கதவைத் திறந்தால் வரும் வாசனைக்கே முகம் வெளுத்துவிடும். வெளியூர் என்றால் ரயில், உள்ளூர் என்றால் நடை. இப்படியே இருபத்தேழு வருடம் ஓடியது. கல்வயிறு நாற்பத்து மூன்று வண்டிகளுக்கு மதிப்பெண் போட்டிருந்தார். அதில் ஒன்றில்கூட டீச்சர் ஏறியதில்லை.

நாற்பத்து நான்காவதாக வந்தது மின்சார வண்டி. காடு மேடு எல்லாம் போகும்படி செய்த பெரிய எஸ்யூவி. மூன்று டன் எடை. ஏறுவதற்கே படி வைத்திருந்தார்கள். தொடையளவு தண்ணீரில் இறங்கி மறுகரையில் ஏறிவிடும். எஞ்சினே இல்லாததால் உறுமலும் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், தானாக வேகம் குறைந்து, அந்தக் குறைகிற வேகத்திலிருந்து பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தையும் திருப்பிச் சேர்த்துக்கொள்ளும். கல்வயிறு மூன்று வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, சவாரி சுகத்துக்கு ஒன்பது போட்டார். அதுவரை அந்தக் கட்டத்தில் அவர் எந்த வண்டிக்கும் எட்டைத் தாண்டியதில்லை.

பிறகுதான் புகார் வந்தது. விற்பனைக்கு முன் பழகிப் பார்க்கச் சில குடும்பங்களுக்கு வண்டியைக் கொடுத்திருந்தார்கள். அதில் மூன்று குடும்பங்களில் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் பாதி வழியில் இறங்கி, இனி ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றும் மலைச்சாலை.

திட்டத்தின் தலைவியான மேடம் கூட்டம் போட்டார். வண்டியின் மென்பொருளை எழுதியவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். எதைக் கேட்டாலும் ஒரு வரைபடம் காட்டுவார் என்பதால் அவரை எல்லாரும் கிராஃப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாருங்க மேடம், கிராஃப் வழவழன்னு இருக்கு. எங்கயும் ஒரு முட்டுகூட இல்ல."

"இருக்கட்டும். மூணு குடும்பமும் பொய்யா சொல்லும்? நம்ம டீம்ல யார் உக்காந்தாலும் ஒண்ணும் ஆகல, எல்லாருக்கும் இரும்பு வயிறு. லேசா ஆடினாலே குமட்டுற ஆள் ஒருத்தர் வேணும். யாராவது இருக்காங்களா?"

அறையில் இருந்த அத்தனை தலையும் கல்வயிற்றின் பக்கம் திரும்பியது. புதுச் சட்டைக் கதையை ஒவ்வொரு பிரிவுபசார விருந்திலும் சொல்லிச் சிரிக்க வைத்தவர் அவர்தானே.

அன்று சாயங்காலம் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கல்வயிறு வாட்டர் பாட்டிலை நிரப்பினார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு அதையே திறந்தார்.

"என்ன வேணும்? நேரா சொல்லுங்க."

சொன்னார். டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"இருபத்தேழு வருஷமா அந்தச் சட்டைக் கதைய ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. போன மாசம் எங்க ஹெச்.எம். கிட்டகூட சொன்னீங்க. அவங்க என்னைப் பாத்தாலே இப்ப வாயைப் பொத்திக்கிறாங்க. இப்ப அதே வயிறு உங்க ஆபீஸுக்கு வேணுமா?"

கல்வயிறு, டீச்சரும் சேர்ந்துதான் சிரிக்கிறார் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தார். ஒருமுறையாவது முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்களை எல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினார்.

மறுநாள் காலை செருப்பு மாட்டும்போது டீச்சரே பேச்செடுத்தார்.

"நான் நிறுத்துன்னா உடனே நிறுத்தணும். யாரும் சிரிக்கக் கூடாது. நான் போடுற மார்க்கை எவரும் திருத்தக் கூடாது."

"அப்ப வர்றியா?"

"சனிக்கிழமை லீவு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சனிக்கிழமை டீச்சர் ஒரு நோட்டு, பென்சில், நான்கு பிளாஸ்டிக் பைகளுடன் வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் கிராஃப் லேப்டாப்போடு. கல்வயிறு ஓட்டினார்.

"இன்னும் கிளம்பலையா?" என்றார் டீச்சர், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"கிளம்பி நூறு மீட்டர் வந்தாச்சு டீச்சர்" என்றார் கிராஃப்.

முதலில் தொழிற்சாலைக்குள் இருந்த சோதனைத் திடல். தலையளவு கற்களைக் கொட்டிய பாதையில் வண்டி ஒரு சக்கரத்தைத் தூக்கி, மறு சக்கரத்தை இறக்கி, தொட்டில்போல் சாய்ந்து சாய்ந்து ஊர்ந்தது. கல்வயிறு கண்ணாடியில் மனைவியைப் பார்த்தபடியே இருந்தார். டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய கல்லில் ஏறி இறங்கியதும் சிரித்தேவிட்டார்.

"இங்க ஒண்ணும் செய்யலையே! குலுக்கப்போகுதுன்னு முன்னாடியே தெரியுது. தெரிஞ்சு குலுக்கினா ஒண்ணும் இல்ல போலிருக்கு."

தண்ணீர்க் குழியில் இறங்கியபோது தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். அங்கும் ஒன்றும் இல்லை. டீச்சர் கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற மனிதர். கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இங்கே அந்தக் கைகள் ஸ்டியரிங்கில் பூப்போல இருந்தன.

அடுத்தது மலைச்சாலை. பதினெட்டுக் கிலோமீட்டர், நாற்பத்தொரு வளைவு. டீச்சர் எச்சிலை விழுங்கினார், நெற்றியைத் துடைத்தார், நோட்டில் இரண்டு இடத்தில் கோடு போட்டார். அவ்வளவுதான். உச்சிக்கு வந்துசேர்ந்தார்கள். மேடம் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"வந்துச்சா?"

"வரல மேடம்."

"அடடா" என்றார் மேடம், மிகுந்த வருத்தத்தோடு.

டீச்சருக்கே கொஞ்சம் ஏமாற்றம். வேண்டாத இடத்தில் எல்லாம் வந்து மானத்தை வாங்கிய வயிறு, வேண்டும் என்று கூப்பிட்ட அன்று வரவில்லை.

"எறங்கும்போது நான் ஓட்டுறேண்ணே, நீங்க கொஞ்சம் கையை ஆத்துங்க" என்றார் கிராஃப். இடம் மாறி உட்கார்ந்தார்கள். கிராஃபும் நல்ல ஓட்டுநர்தான், வேகமும் அதிகம் இல்லை. நான்காவது வளைவில் டீச்சர் பென்சிலைக் கீழே போட்டார். ஆறாவது வளைவில் "நிறுத்துங்க!" என்றார்.

சாலையோரக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு டீச்சர் குனிந்து நின்றார். கல்வயிறு முதுகைத் தடவினார், தண்ணீர் ஊற்றினார். யாரும் சிரிக்கவில்லை. கிராஃபின் முகம் டீச்சரின் முகத்தைவிட வெளுத்திருந்தது.

"இதுவரைக்கும் பாத்த கிராஃப்ல ஒண்ணுமே இல்லையே டீச்சர்..."

"உங்க கிராஃப் வாந்தி எடுக்காதே சார்."

வாயைக் கொப்பளித்து, சுவரில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் டீச்சர் நோட்டைத் திறந்தார்.

"இவர் ஓட்டினப்ப வரல, நீங்க ஓட்டினப்ப வருது. வண்டி அதேதான், ரோடும் அதேதான். ஆனா அப்ப ஏத்தம், இப்ப இறக்கம். ரெண்டு விஷயம் ஒண்ணா மாறினா எதால வந்ததுன்னு சொல்ல முடியாது. மறுபடி மேல போகணும். இறக்கத்துல இவர் ஓட்டட்டும்."

"இந்த நிலைமையிலயா? வேணாம்மா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் கல்வயிறு.

"பாதிக் கணக்குல எழுந்திருச்சுப் போற பழக்கம் எனக்கில்ல."

ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி மேலே போனார்கள். கல்வயிறு இறக்கினார். நாற்பத்தொரு வளைவும் தாண்டி அடிவாரம் வந்தாயிற்று. டீச்சரின் பைகளில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

கிராஃப் லேப்டாப்பை பானெட்டின் மேல் வைத்து, ஆக்சிலரேட்டரில் இருவர் கால்களும் எப்படி நடந்துகொண்டன என்ற பதிவைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். அவருடைய கோடு ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் சுவர்போலச் செங்குத்தாக இறங்கியது. கல்வயிற்றின் கோடு சரிவாக, நூலிழை நூலிழையாக இறங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க காலை எடுக்கவே இல்ல. தூங்குற குழந்தை தலைக்கு அடியிலேருந்து கையை உருவுற மாதிரி உருவுறீங்க. என் ப்ரோக்ராம் பண்ண வேண்டிய வேலைய உங்க கால் பண்ணியிருக்கு. எங்களை மாதிரி ஆளுங்க சட்டுன்னு எடுத்தா, வண்டி பிடிச்சு இழுத்து ஒரு தலையாட்டு ஆட்டுது. நான் பாத்துட்டிருந்த கிராஃப் எல்லாமே நீங்க ஓட்டினது."

கல்வயிறு வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். டீச்சர் பின்னாலேயே போனார்.

"கோவமா?"

"முதல் தடவையா ஒரு வண்டிக்கு ஒம்போது போட்டேன். கடைசியில பாத்தா என் காலுக்கே போட்டிருக்கேன். இத்தனை வருஷ வேலைல இது தெரிய வேணாமா எனக்கு?"

"வாங்குறவங்க எல்லாருக்கும் உங்க கால் இருக்காதுல்ல."

"அதான்."

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சது, அப்படி ஒரு கால் இருக்குன்னு. வீட்டுல அதே கால்தான் கதவை எட்டி உதைச்சுச் சாத்துது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு டயரில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தச் சட்டைக் கதைய இனிமே யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லுங்க, பரவால்ல. ஆனா முழுசா சொல்லுங்க. அன்னிக்கு ரோட்டோரமா உக்காந்து, 'இவளுக்கு என் தொழிலே ஆகாதே, எப்படி என்கூட இருப்பா'ன்னு நீங்க அழுதீங்க. அதை மட்டும் எப்பவும் விட்டுடுறீங்க."

"அது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அதைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள காலை வெச்சேன்" என்றார் டீச்சர்.

திங்கட்கிழமை கல்வயிறு மேடத்தின் மேசைக்குப் போய், ஒன்பதை அடித்து ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏன் என்ற இடத்தில், "என் காலுக்குப் போட்ட மதிப்பெண். வண்டிக்கு இதுதான்" என்று எழுதினார். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும், மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை படித்தார். பிறகு கிராஃபைக் கூப்பிட்டு, எத்தனை நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. யார் எவ்வளவு சட்டென்று காலை எடுத்தாலும் வண்டி பதறாமல் வேகத்தைக் குறைக்கும்படி கிராஃப் திரும்ப எழுதினார். கல்வயிறு பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் மெதுவா, இன்னும், ஆங், இப்ப விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் வந்த சனிக்கிழமை டீச்சர் மறுபடி ஏறினார். இந்த முறை கிராஃப் ஓட்டிய இறக்கத்தில் பத்தொன்பதாவது வளைவுவரை தாக்குப்பிடித்தார். இறங்கியதும், "வண்டி நிக்கப்போற கடைசி நொடியில ஒரு சின்ன இடி இருக்கு" என்று எழுதிக் கொடுத்தார். மின்சாரத்தால் வேகம் குறைவது முடிந்து சாதாரண பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடம் அது. அதையும் சரிசெய்தார்கள்.

கடைசிச் சோதனையில் கிராஃப்தான் ஓட்டினார். கல்வயிறு முன்சீட்டில் படிவத்தோடு இருந்தார். மேலே போய்த் திரும்பி, இறக்கத்தில் இருபதாவது வளைவைத் தாண்டியதும் பின்னால் பேச்சுமூச்சே இல்லை. திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன பண்ண? எழுப்பணுமா?" என்று கிராஃப் கிசுகிசுத்தார்.

"மூச்சு விடாம ஓட்டு."

அடிவாரம் வந்தது. கல்வயிறு இடதுபக்கம் கை காட்டினார். ஏரிக்கரைச் சாலை, அது சோதனைத் திட்டத்திலேயே இல்லை. ஏரியைச் சுற்றிவந்தார்கள். அது முடிந்ததும் மறுபடியும் சுற்றச் சொன்னார். மேடம் கூப்பிட்டார். கல்வயிறு கைப்பேசியை வாயோடு ஒட்டிவைத்து, "தூங்குறாங்க மேடம்" என்றார். மறுமுனையில் மேடமும் குரலைத் தாழ்த்தி, "சார்ஜ் இருக்கிற வரைக்கும் வராதீங்க" என்றார்.

நான்கு சதவீத சார்ஜோடு தொழிற்சாலை வாசலுக்கு வந்தபோதுதான் டீச்சர் கண் விழித்தார். வெட்கத்தோடு தலையைச் சரிசெய்துகொண்டு, நோட்டில் எட்டு என்று எழுதிக் கொடுத்தார்.

"மிச்சம் ரெண்டு எங்க டீச்சர்?" என்று கிராஃப் கெஞ்சலாகக் கேட்டார்.

"ஏறுறதுக்கு ஏணி வேண்டியிருக்கு, அதுக்கு ஒண்ணு. கிளம்பும்போது சொல்லாமக் கொள்ளாமக் கிளம்புது, அதுக்கு ஒண்ணு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்வயிறு ஒரு சின்ன வாடகைக் கார் எடுத்துவந்தார். பழைய வண்டி, பெட்ரோல் வாசனை வேறு. டீச்சர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, கணவர் ஓட்டும்போது முதல்முறையாக முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏரிக்கரை தூக்கத்தில் போய்விட்டதாம், விழித்துக்கொண்டு பார்க்க வேண்டுமாம்.

பாதி தூரம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு டீச்சர் கையைத் தூக்க, கல்வயிறு ஓரமாக நிறுத்தினார். வாந்தி வரவில்லை, வரலாம் போலிருந்தது. இருவரும் இறங்கி, சாலையோரத்தில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஒரு மரத்தடியில் நின்று ஆரஞ்சுப் பழத்தை உரித்து ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். கால் மணி நேரம் கழித்து, "சரி, வாங்க" என்று டீச்சரே முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்தார்.