ஏழாம் நம்பர் விண்ணப்பம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. அமீர்பேட் மெட்ரோவில் நசுங்கி நின்றபோது பக்கத்து ஆளின் போனை எட்டிப் பார்த்துத் திருடியது. இணையத்தில் யார் எதைத் தேடினாலும் தங்கள் கம்பெனி முதலில் வந்து நிற்கும்படி செய்ய ஆள் வேண்டுமாம். மூன்று வருடம் முன்பு பிறந்த ஏஐ டூலில் எட்டு வருட அனுபவம் வேண்டும். வீடியோ எடுக்கணும், வெட்டணும், அதில் நடிக்கவும் செய்யணும். நான்கு மொழி. சம்பளம் மட்டும் புதுசாகப் படித்து முடித்தவருக்கு உரியது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன், போன்காரர் முறைத்தார்.

2

"சாய்கிருஷ்ணா வேலை தேடி அலைந்து..."

(வேண்டாம். அலைகிறவனைப் பற்றி எழுதி எழுதி அவனுக்கே கால் வலித்திருக்கும்.)

அந்த விளம்பரத்தை டைப் அடித்தது யார்? மரியபுஷ்பம் என்று வைத்துக்கொள்வோம். மல்காஜ்கிரியில் வீடு. அமீர்பேட் கோச்சிங் சென்டர் ஒன்றில் ஆறு வருடமாக அந்த விளம்பரம் கேட்கிற வேலையையே பார்க்கிறாள். இப்போது வேறு இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேரணும். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அங்கே வாசலில்கூட விட மாட்டார்கள். முதலாளி சந்திரமோகனோ, "உன் எடத்துக்கு ஆள் வந்தாத்தான் லெட்டர்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு வருஷம்னு போடும்மா."

"சார், அந்த டூல் வந்தே மூணு வருஷந்தான் ஆச்சு."

"கைக்கு டென்ஷன், ஏன் டென்ஷன்? எட்டு கேட்டாத்தான் மூணு வருஷக்காரனாவது வருவான்."

(இவரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். ஆனால் மரியாவுக்கு அம்மை போட்டிருந்தபோது தினம் இளநீர் அனுப்பியவர் என்று தெரியாத்தனமாக முதல் வரைவில் எழுதித் தொலைத்தேன். அந்த இளநீர் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.)

3

ஆறு விண்ணப்பங்கள் வந்தன. சார் ஏதோ வீடியோ பார்த்திருந்தார்: பேரைப் பார்த்தால் பாரபட்சம் வருமாம். பேர், கம்பெனி எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி மறைத்து, நம்பர் போட்டுத் தரச் சொன்னார். மரியா ஒட்டினாள். ஏழாவதாகத் தன்னுடையதையும் ஒட்டிச் சேர்த்தாள்.

"உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றான் கணவன் ஏனோக்.

"சார் அதை எடுத்து, 'இந்த மாதிரி ஆளுதாம்மா வேணும்'பாரு. நான் பேரைக் காட்டிச் சிரிச்சிட்டு லெட்டரை வாங்கிட்டு வந்துருவேன்."

"சொல்லலேன்னா?"

"சொல்லுவாரு. ஆறு வருஷம் பாத்திருக்காரே."

4

வெள்ளிக்கிழமை. சார் ஒவ்வொன்றாக 'வேண்டாம்' என்று அந்த ஊர் உருதுவில் தள்ளினார். நக்கோ. நக்கோ. ஏழாவதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சந்திரமோகன் முகம் மலர்ந்து, 'இவங்கதாம்மா...'"

இதற்கு மேல் பேனா நகரவில்லை. மனிதர் கையில் அவரே சொல்லி எழுதவைத்த பட்டியல் இருக்கிறது. அதை வைத்து டிக் அடிக்கிறார். நான் என்ன செய்ய?

"ஆறே வருஷம். வீடியோல நடிச்சதில்ல. நக்கோம்மா. நம்ம வேலைய இவங்களால ஒரு நாள் தாங்க முடியாது."

இந்த இடத்தில் மரியா சிரிப்பாள் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. அவமானமாக இருந்தது. லெட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. எனக்கும்தான்.

காகிதத்தை உரித்தாள்.

"சார், இது நான்."

5

முடிவு அ: சார் ஹோவென்று சிரித்துக் கையெழுத்துப் போடுகிறார். (ஆறு வருடம் அவ்வளவு மலிவா?)

முடிவு ஆ: "அப்ப இத்தனை வருஷமா தகுதியில்லாமலா உக்காந்திருந்தே?" (அடித்துவிட்டேன். இளநீர் அனுப்பியவர் அப்படிக் கேட்கமாட்டார். கேட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது.)

பதினோரு வசனம் எழுதிப் பார்த்தாயிற்று. சார் வாயில் ஒன்றும் உட்காரவில்லை. வேறு வழியில்லை, விளம்பரம் கொடுக்கிறேன்:

தேவை: முதலாளி பேச ஒரே ஒரு வரி. தமிழில் தொடங்கி எந்த மொழியில் முடிந்தாலும் சரி. அதில் மன்னிப்பு இருக்கணும், கேட்டது மாதிரி தெரியக் கூடாது. ஆறு வருட உழைப்பு உள்ளே அடங்கணும். சொல்லி முடித்ததும் கையெழுத்து விழணும். மன்னிப்புக் கேட்பதில் எட்டு வருட அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. ஒரு தடவைகூடக் கேட்டுப் பழக்கமில்லாத முதலாளிகளும் விண்ணப்பிக்கலாம். சம்பளம் கிடையாது. உடனே வரணும்.

மரியா அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறாள்.