‘விட்டுடுங்க’ என்றால் எதை?

1

இந்தக் கதை ஒரு யோகா வகுப்பில் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வது கௌரவத்துக்காக. ஒட்டுக்கேட்டேன் என்பதுதான் உண்மை. வகுப்பறைக் கதவுக்கு வெளியே, ஷூ லேஸ் கட்டுகிற பாவனையில் குனிந்து நின்று கேட்டேன். என் ஷூவில் லேஸ் கிடையாது. [இந்த வரியை அடுத்த திருத்தத்தில் எடுத்துவிட வேண்டும். எழுதுகிறவனை முதல் பத்தியிலேயே நீங்கள் சந்தேகப்பட்டால் எப்படி?]

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆணின் உடல் அவனோடு பேசத் தொடங்குகிறது.’ அடித்துவிட்டேன். இந்தக் கதையில் வருகிறவருடைய உடல் பேசவில்லை, கத்தியது.

இரண்டாவது: ‘லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாடிப்படியே தெரியாது என்று ஊரில் நினைக்கிறார்கள்.’ இதைக் கொஞ்சநேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் போகிற கட்டடத்தில் எல்லாம் லிஃப்ட் ஓடாது. அதனால்தானே அவரைக் கூப்பிடுகிறார்கள். ஒன்பது மாடியும் படியேறித்தான் போவார். ஆக

இதையும் விட்டேன்.

2

அலங்காரம் இல்லாமல் தொடங்குகிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தாறு. ஞாயிறுதோறும் நாற்பதைத் தாண்டியவர்களின் கால்பந்து அணியில் கடைசித் தடுப்பாட்டக்காரர். அணியில் அவருக்குப் பெயர் ‘சுவர்’. இந்த வருடம் இடது தொடையின் பின்தசை மக்கர் பண்ணத் தொடங்கியது. வேகமெடுத்தால் சுண்டி இழுக்கும். இரண்டு ஆட்டங்களில் பாதியிலேயே நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். இன்னொரு தடவை இழுத்துக் கிழிந்தால் ஆட்டம் மட்டுமில்லை, லிஃப்ட் குழிக்குள் ஏணியில் இறங்குகிற வேலையும் சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அணித் தலைவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி.

“அத்தான், யோகா போய்ப் பாருங்களேன். விளையாடுற ஆம்பளைங்களுக்குன்னே ஒரு கிளாஸ் நடக்குது. வலி குறையும், புதுசா அடியும் படாது.”

“நீ போறியா?”

“எனக்கு எதுக்கு?”

“அதத்தான் நானும் கேக்குறேன். உனக்கு எதுக்கு?”

இந்த மச்சினன் பாத்திரம் எனக்கு ஒட்டவே இல்லை. நல்லவனா, கெட்டவனா என்று நாலு நாள் யோசித்தேன். நீங்களும் அவன் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

3

கேட்டாரே தவிர, போனார். நீச்சல்குளத்துக்கு மேல்மாடி அறை. குளோரின் வாடை. எட்டு ஆண்கள், எட்டுப் பாய்கள். மைதானத்தில் மார்தட்டுகிற ஆட்கள் இங்கே குனியும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து கால்விரலைத் தொடச் சொன்னார் டீச்சர். சுவரின் கை முழங்காலுக்குச் சற்றுக் கீழே போய் நின்றுவிட்டது.

அவருக்குத் தளர்வு என்ற சொல்லே ஆகாது. அவர் தொழிலில் கம்பி தளர்ந்தால் உயிருக்கு ஆபத்து. இங்கே என்னடா என்றால் ஒரு அம்மாள் எல்லாவற்றையும் தளர்த்தச் சொல்கிறாள்.

மூன்றாவது வாரம், நின்றபடியே சாக்ஸ் போட முடிந்தது. அதையும் அவர் நம்பவில்லை.

“மாத்திரைய மாத்தினதால இருக்கும்,” என்றார் மனைவியிடம்.

“எந்த மாத்திரை? நீங்கதான் வாங்கின அட்டைய இன்னும் பிரிக்கவே இல்லையே.”

நாலாவது வாரம் அது நடந்தது. குனிந்திருந்தவர் பக்கத்தில் டீச்சர் வந்து உட்கார்ந்தார்.

“ரொம்ப வருஷமா இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கீங்க. போதும். விட்டுடுங்க.”

“எத?”

“உங்களுக்கே தெரியுமே.”

(அடிக்குறிப்பு போடுகிற இடம் இது. தமிழில் இந்த வினைச்சொல் பொல்லாதது. மூச்சை விடலாம், பஸ்ஸை விடலாம், சிகரெட்டை விடலாம், வேலையை விடலாம், ஆளை விடு என்றும் சொல்லலாம். எதை என்று சொல்லாவிட்டால், கேட்கிறவர் தன் பயத்தைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்துக்கொள்வார்.)

சுவர் எழுந்தார். பாயைக்கூடச் சுருட்டாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

4

வீட்டுக்குப் போகிற வழியிலேயே கணக்குச் சரியாக வந்துவிட்டது அவருக்கு. முதல் நாள் மச்சினனும் டீச்சரும் படிக்கட்டில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். அவர் சொல்லாமலே டீச்சருக்கு அவர் வயது தெரிந்திருந்தது. போன வாரப் பயிற்சியில் அவர் இடத்தில் வேறு ஆளை நிற்கவைத்துப் பார்த்தான் மச்சினன்.

“உன் தம்பி ஆள் வச்சுச் சொல்றான்,” என்றார்.

“என்னன்னு?”

“ஆட்டத்த விடுன்னு.”

“டீச்சர் ஆட்டத்தன்னு சொன்னாங்களா?”

“சொல்லல. ஆள் வச்சுச் சொன்னா அப்படித்தான் சொல்லுவாங்க.”

அதோடு வகுப்பை நிறுத்திவிட்டார். தசை மறுபடி இறுகத் தொடங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். ஆடியே தீருவேன் என்கிறார்.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) டீச்சர் விளக்குகிறார். சுவர் திரும்பி வருகிறார். இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடம் கோலைத் தடுக்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். இது கதை இல்லை, வகுப்புக்கு ஆள் சேர்க்கிற நோட்டீஸ்.

ஆ) ‘பத்தொன்பதாவது நிமிடம். பந்து தலைக்கு மேலே போகிறது. அவர் திரும்பி ஓடுகிறார். நாலாவது எட்டில் தொடையைப் பிடித்துக்கொண்டு

எழுத முடியவில்லை. மன்னியுங்கள்.

இ) மச்சினன் உண்மையைச் சொல்கிறான்.

6

கதவுக்கு வெளியே நின்றவன் மச்சினன்தான் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். கதை எழுதுகிறவனும் அவன்தான்.

படிக்கட்டில் நான் டீச்சரிடம் கேட்டேன்: “அவர ஆட்டத்த விடச் சொல்லுங்க. நான் சொன்னா தப்பா எடுத்துப்பாரு.”

“அது என் வேலை இல்ல,” என்றார் அவர். “ஆட விரும்புறவர் நல்லா ஆடத்தான் நான் சொல்லித் தர்றேன்.”

ஆனாலும் சொல்கிறாரா என்று பார்க்க வாரம் தவறாமல் கதவோரம் போய் நின்றேன். ‘விட்டுடுங்க’ என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எட்டிப் பார்த்தேன். டீச்சரின் கை அத்தானின் இடது தொடைக்குக் கீழே இருந்தது. அந்தத் தசையைத்தான் சொன்னார். நான் அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவருக்கு அடிபடக் கூடாதே என்ற பயம் நிஜம். பொறாமையும் நிஜம். ஆறு வருடமாக நான் தலைவன். கோல் விழப்போகிற நேரத்தில் பத்துப் பேரும் பார்ப்பது அவர் முகத்தை.

இதுவரை ‘நீங்கள்’ என்றது ஊரில் உள்ள வாசகர்களை இல்லை. அத்தான், உங்களைத்தான். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கதை மாதிரி எழுதி அக்காவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வீட்டில் நீங்கள் சொன்னதையெல்லாம் அக்கா சொன்னாள். என்னைச் சந்தேகப்பட்டது சரி, டீச்சரைச் சந்தேகப்பட்டதுதான் தப்பு. டீச்சர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நாளைச் சாயந்திரம் வகுப்பு இருக்கிறது.

ஞாயிறு ஆட்டத்துக்கான பட்டியலை இந்தத் தாளோடு பின் பண்ணியிருக்கிறேன். பத்துப் பெயர்கள் எழுதியிருக்கின்றன, பதினொன்றாவது வரி காலி. அங்கே உங்கள் பெயரை எழுதுவதா, வேறு பெயரா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். முதல் வரியில் இருப்பது என் பெயர். அதை அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடித்துவிடுங்கள்.