சுவரில் இருந்த ஜட்ஜ்

"ஞாயித்துக்கிழமை என் பையன் வண்டியோட வர்றான்னு சொல்லிடு..."

"யார் வந்தா எனக்கென்ன, போறவங்க போகட்டும்னு..."

"முழுசாக் கேக்கச் சொல்லு முதல்ல! கட்டிலும் என் துணிமணியும்தான் எடுத்துட்டுப் போறேன். பீரோ, மிக்ஸி எல்லாம் இங்கயே இருக்கும்னு..."

"எனக்கு யாரும் பிச்சை போட வேணாம்னு சொல்லு!"

"பிச்சையாம்! கேட்டுக்க, நல்லாக் காதுல வாங்கிக்க!"

காதில் வாங்கிக்கொண்டிருந்தது ஒரு பல்லி. அடுப்படிச் சுவரில், டியூப்லைட் பட்டைக்குக் கீழே தலைகீழாக ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணால் அண்ணியையும் மறு கண்ணால் நாத்தனாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறை அறுந்து மறுபடி முளைத்த வால். குட்டையாக, கறுப்பாக, யாரிடமோ இரவல் வாங்கி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஜட்ஜ் என்று அதற்குப் பெயர். யார் வைத்தது என்று இருவருக்குமே ஞாபகமில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பல்லி செத்து எத்தனை பல்லி வந்ததோ, பதவி மட்டும் காலியாக விடப்படவில்லை.

மருந்துக்கடையில் பில் போட்டு ஓய்ந்தவள் அண்ணி. தையல் கடையில் காஜா எடுப்பவள் நாத்தனார். கல்யாணம் கூடிவராமலே ஐம்பதைத் தாண்டியவள். நடுவில் இருந்த மனிதர், அவளுக்குப் புருஷன், இவளுக்கு அண்ணன், போய் எட்டு வருஷம் ஆகிறது. ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்டோவில் ஏற்றி மடியில் சாய்த்துக்கொண்டு போனது அண்ணி. சாயங்காலம் கடையிலிருந்து திரும்பிய நாத்தனார் பார்த்தது, பூட்டாத கதவையும் வாசலில் கவிழ்ந்து கிடந்த ஒற்றைச் செருப்பையும். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியாயிற்று.

"என்னைக் கூப்பிடணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினாள்.

"உன்னைக் கூப்பிட்டு? நீ வந்து என்ன கிழிச்சிருப்ப?" என்றாள் அண்ணி.

இருவரும் முகத்துக்கு முகம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆளுக்கொரு திசைக்குப் போக வசதியும் இல்லை, மனசும் இல்லை. கேஸ் தீர்ந்தால் சொல்லியாக வேண்டுமே? ஒருநாள் அண்ணி சுவரைப் பார்த்து, "சிலிண்டர் காலின்னு யாராவது சொல்லுங்களேன்" என்றாள். சுவரில் பல்லி இருந்தது. அதற்கு நாத்தனாரும், "புக் பண்ணியாச்சுன்னு சொல்லு" என்று அதனிடமே சொன்னாள். அவ்வளவுதான், கோர்ட் ஆரம்பமாகிவிட்டது.

பகலில் ஜட்ஜ் பட்டைக்குப் பின்னால் சுவரில் இருந்த பொந்துக்குள் போய்விடும். டியூப்லைட் போட்டுப் பூச்சி வந்தால்தான் சபை கூடும். அதனால் காலையில் வந்த கோபத்தைக்கூட அந்தி வரைக்கும் வைத்திருக்க வேண்டும். பாதிக் கோபம் அதற்குள் ஆறிவிடும். நாத்தனார் காய்ச்சலில் கிடந்தபோது, "மாத்திரை ரெண்டு வேளை. சாப்பிட்டப்புறம்தான் போடணும்னு சொல்லு. வெறும் வயித்துல முழுங்கிட்டு என் உசிரை வாங்க வேணாம்" என்று அண்ணி அதனிடம்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வெந்நீரை மேடையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்றைத் தவிர எல்லாம் அதன் வழியாகப் போய் வந்தது. அந்த ஒன்று நாத்தனாருக்குத் தொண்டையில் எட்டு வருஷமாக நின்றது. அந்த ஆட்டோவில் அண்ணனோடு இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் இப்போது ஞாயிற்றுக்கிழமை வேறு ஊருக்குப் போகிறாள். சில நாள் நாத்தனார் டியூப்லைட்டைப் போட்டுவிட்டு வாயைத் திறந்து பார்த்திருக்கிறாள். பல்லி உச்சுக் கொட்டும். பல்லியை விட்டுக் கேட்கிற கேள்வியா அது? இவள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை பெயிண்டர் வந்தார். அண்ணியின் மகன் ஏற்பாடு. "அத்தை இனிமே தனியா இருக்கப் போறீங்க. வீடு பளிச்சுன்னு இருக்கட்டும்" என்று போனில் சொல்லியிருந்தான். நாத்தனார் கடையிலிருந்து வந்து படியேறும்போதே அண்ணியின் குரல் கேட்டது.

"அந்தப் பொந்தை எதுக்குய்யா அடைச்சே?"

"பல்லி இருந்துச்சும்மா. பட்டையைக் கழட்டினதும் குடும்பமே ஓடுது. பட்டி வச்சு அடைச்சுட்டேன். இனிமே ஒண்ணும் அண்டாது."

"அடைக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

"என்னம்மா இது, பல்லியை ஓட்டுனதுக்குத் திட்டு வாங்குறது இதான் முதல் வீடு. அது என்ன, சொந்தக்காரனா?"

திரும்பிய அண்ணி வாசலில் நாத்தனார் நிற்பதைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றும் மறுநாளும் டியூப்லைட் எரிந்தது. புதுச் சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு பூச்சி மட்டும் பயமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பெயிண்டர் நகர்த்தி வைத்த உப்பு எங்கே என்று கேட்க ஆளில்லாமல் நாத்தனார் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தாள். அண்ணியும் அதையேதான் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை அந்தியில் அண்ணி அடுப்படித் தரையில் உட்கார்ந்து துணி மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். முட்டி மடங்கவில்லை, ஒரு காலை நீட்டியிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பழக்க தோஷத்தில் தலையைச் சுவரைப் பார்த்துத் தூக்கி, "பின்வாசல் சாவி..." என்று ஆரம்பித்தாள். சுவரில் ஒன்றுமில்லை. வாய் அப்படியே நின்றது. சாவியை மேடைமேல் வைத்துவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தாள். முடிச்சு விழவில்லை. இரண்டாம் தடவையும் நழுவியது.

நாத்தனார் வந்து எதிரில் உட்கார்ந்தாள். முடிச்சு விழும் இடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொடுத்தாள். கிட்டத்தில் பார்த்தபோது அண்ணியின் புருவமெல்லாம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று இவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணி" என்றாள்.

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆட்டோல போகும்போது... அண்ணன் என்னைத் தேடினாரா, அண்ணி?"